நல்லா இருக்கேன் மேடம்

வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அந்தப் பனியன் கம்பெனி ஒரே நாளில் புதுமாப்பிள்ளைக் கோலத்துக்கு வந்துவிடும். கக்கூஸில் பினாயில் மணக்கும். முதலுதவிப் பெட்டியில் திடீரென்று பஞ்சும் மருந்தும் முளைக்கும். வயது குறைந்த பிள்ளைகள் எல்லாம் பின்கேட் வழியாக அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவ்வளவையும் முடித்துவிட்டு எச்.ஆர். மோகன்ராஜ் செக்கிங் செக்‌ஷனுக்கு வந்து, நாகஜோதியைத் தேடுவார். ஆடிட் மேடத்திடம் பேசுவதற்கு அவளை விட்டால் அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது.

வருகிற மேடம் தனி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். எத்தனை மணிக்கு விடுகிறார்கள், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறார்களா, யாராவது திட்டுகிறார்களா. மற்றவர்கள் எச்சில் விழுங்குவார்கள், கூரையைப் பார்ப்பார்கள், உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள். நாகஜோதி சிரித்த முகத்தோடு, கேள்வி முடியும் முன்பே பதிலை வைத்துவிடுவாள். எட்டு மணி நேரம்தான் மேடம். தருகிறார்கள் மேடம். யாரும் திட்டுவதில்லை, நல்லா இருக்கிறோம் மேடம். கேட்பவர்களுக்கே இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்று தோன்றும்.

அதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குச் சரியான பதில் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் ஊரோடு சேர்ந்து நாமும் சாப்பிடுவோம். புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். யோசிக்காதே, யோசித்தால் சந்தேகப்படுவார்கள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. "உன் கூட வேலை பார்க்கிறவள் வேறு மாதிரி சொன்னாளே" என்று மடக்கிப் பார்ப்பார்கள். அப்போது சொன்னதை மாற்றவே கூடாது. யார் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியாது, எனக்கு ஒன்றுமில்லை என்று நிற்க வேண்டும். இதில் தேறிவிட்டால் அந்தப் பெண்ணை எந்த மேடமும் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் புருஷன் முனீஸும் அதே கம்பெனியில்தான். கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக மேஜை நீளத்துக்கு விரித்து, மேலே அளவு வரைந்து, மெஷினை ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் அத்தனை அடுக்கும் கையாகவும் கழுத்தாகவும் பிரிந்து விழும். கோடு ஒன்று தப்பினால் அத்தனையும் தப்பு. அதனால் கட்டிங் மாஸ்டர் என்றால் தனி மரியாதை. முனீஸுக்கு ஆர்டரின் அளவுகள் எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கையில் ஒரு பையோடு வந்த ஆள் அந்த மேஜைக்கு ஏறியதே அந்தத் தலையால்தான். மகள் கவிப்பிரியா ஊரில் நாகஜோதியின் அம்மாவிடம் இருந்தாள். வருகிற ஜூனில், கம்பெனி இருக்கிற அனுப்பர்பாளையத்துக்கே கூட்டிவந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அது நடந்தது. கட்டிங் செக்‌ஷன் ஓரத்தில் அடுக்கியிருந்த துணி ரோல்களில் மேலே இருந்த ஒன்று சரிந்து, கீழே குனிந்திருந்த முனீஸின் தலையில் பக்கவாட்டில் இறங்கியது. ரத்தம் இல்லை. வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவர், இப்போது காலையா சாயங்காலமா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பப் போய் மேஜையில் நின்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று மோகன்ராஜ் அன்றைக்கே திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கவைத்தார். ஒன்றுமே இல்லை என்றார்கள். நாகஜோதி அந்த ஃபிலிமை உறையோடு கொண்டுவந்து வீட்டில் ஆணியில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாள். சாமி படத்துக்கு அடுத்து அவள் அந்த வீட்டில் நம்பியது அதைத்தான்.

பிறகுதான் முனீஸ் மாற ஆரம்பித்தார். டியூப்லைட்டைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் அடி வாங்கியவர் மாதிரி துடித்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை தொலைந்துபோகும். "அதான்... அது..." என்று காற்றில் கையை ஆட்டுவார், கிடைக்காமல் எரிந்து விழுவார், பிறகு அழுவார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனைக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருக்க இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். ஒருநாள் வீட்டுப் பூட்டுக்கு முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை வீட்டுக்கார மருதாளம்மா பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, சாவி சேரலயா?" என்று கேட்க, அதற்கும் அவருக்குக் கண் கலங்கியது.

நாகஜோதி என்ன செய்வாள்? ஆணியில் தொங்கும் ஃபிலிமைப் பார்த்தாள், மனுஷனைப் பார்த்தாள். ஃபிலிம் ஒன்றுமில்லை என்றது. ஒன்றுமில்லாத ஆள் ஒருவர் சமையல் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் படுத்திருந்தால் கட்டினவளுக்குக் கோபம்தானே வரும்? வேலைக்குப் போய்வந்து உலை வைப்பவளும் அவள்தான். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நடிக்காதீங்க. ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னுட்டாக. உங்களுக்கு வேல செய்ய மனசு இல்ல."

முனீஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது, ஆனாலும் உள்ளுக்குள் அதைத்தான் அவள் நம்பினாள்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் ஏதோ பேங்க் மூழ்கியதாம், அது இங்கே அனுப்பர்பாளையத்துச் சோற்றில் மண்ணைப் போட்டது. ஆர்டர்கள் நின்றன. இருக்கிற கொஞ்ச ஆர்டரில் முனீஸ் ஒரு முழு மேஜைத் துணியை, பெரிய அளவுக்குச் சின்ன அளவின் கையை வைத்து வெட்டித் தள்ளினார். அவரை மேஜையிலிருந்து இறக்கி பண்டல் கட்டும் வேலைக்குப் போட்டார்கள். குடித்துவிட்டு வருகிறான் என்று ஒரு பேச்சு. அடிபட்டதை வைத்துக் கம்பெனியிடம் கறக்கப் பார்க்கிறான் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் நாகஜோதி காதுக்கு வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பொங்கல் நெருங்கும்போது திருப்பூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வழி சொன்னார். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ்மதி என்ற டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்கிறார். தலையில் லேசாக அடிபட்டு, சாதா ஸ்கேனில் ஒன்றும் தெரியாத ஆட்களைப் புது மாதிரி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார். காசு கிடையாது. இதைக் கேட்ட அன்று முனீஸின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அன்றைக்கு அவராகவே நாகஜோதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏ ஜோதி, அதுலயாவது தெரியட்டும்ளா. என்னமோ அறுந்து கெடக்கு உள்ள. நான் நடிக்கல."

தெரியட்டும் என்று சொல்லத்தான் நினைத்தாள்.

ஆனால் மறுநாளே மோகன்ராஜ் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கட்டிங்கில் ஆட்களைக் குறைக்கச் சொல்லி முதலாளி நிற்கிறார், முனீஸ் பேர்தான் முதலில் வருகிறது, நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று வருத்தப்பட்டார். முனீஸ் நல்லாயிருக்கிறார் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்த நாளே மேஜைக்கு ஏற்றிவிடுவது தன் பொறுப்பு என்றார். சீக்காளி என்று சொல்லிவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை. அங்கே என்னென்ன கேட்பார்கள் என்பதையும் திருப்பூர் ஆஸ்பத்திரியிலேயே விசாரித்து வைத்திருந்தார். தலைவலி, மயக்கம், மறதி, வெளிச்சம் கூசுவது, தூக்கம், கோபம்.

"நம்ம ஆடிட்டாட்டம்தானுங்க நாகஜோதி," என்றார். "உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமாக்கும்?"

அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேஜை, ஜூன், கவிப்பிரியா எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே தீப்பெட்டி ஒட்டுவதைத் தவிர ஒன்றுமில்லை. தவிரவும், ஸ்கேன் என்பது தானாக எடுக்கப்போகிற படம். இருந்தால் அது காட்டிவிடும், வாயால் சொல்வதா அதை மாற்றப்போகிறது? இப்படி நினைத்து அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கெட்டிக்காரிகள் தங்களை ஏமாற்றிக்கொள்வதிலும் கெட்டிக்காரிகள்தான்.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமானது. முனீஸை எதிரே உட்காரவைத்து அவள் மேடம் ஆனாள். தலைவலி இருக்கா? அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்று ஆரம்பித்தார். அவள் நிறுத்தினாள். இல்லை மேடம் என்று சொல்ல வேண்டும். நெற்றியில் கை போகக்கூடாது. மறுபடியும். அவர் எதற்கு என்று கேட்டார். மேஜைக்குத் திரும்ப வேண்டுமா வேண்டாமா என்று அவள் கேட்டாள். அதற்கு மேல் அவர் எதிர்க்கவில்லை. தன் தலையின் மேல் இருந்த நம்பிக்கை எல்லாம் போய்விட்ட மனுஷன் பெண்டாட்டியின் தலையை நம்பினார்.

மகள் பேசியதும் நிற்காத, பூட்டைத் திறப்பதும் நிற்காத அந்த மண்டையில் இந்தப் பதில்கள் எப்படித்தான் ஏறினவோ. மாலையும் காலையும் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழுந்தது. இல்லை மேடம். ஒன்றுமில்லை மேடம். நல்லா தூங்குறேன் மேடம். நாகஜோதிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசிப் பாடமாக அந்த மடக்குக் கேள்வியையும் வைத்தாள்.

"உங்க சம்சாரம் வேற மாதிரி சொல்லுதாங்களேன்னு கேப்பாக. அப்பவும் மாத்தக் கூடாது. அவ சொல்லுறது எனக்குத் தெரியாது மேடம், எனக்கு ஒண்ணுமில்லன்னு நிக்கணும். என்ன?"

"அவ சொல்லுறது எனக்குத் தெரியாது மேடம். எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் முனீஸ். பிழையே இல்லை.

டாக்டர் தமிழ்மதி சின்ன வயதுக்காரர். பொறுமையாகப் பேசினார். முனீஸை நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். தலைவலி உண்டா? இல்லை மேடம். வெளிச்சம் கூசுகிறதா? இல்லை மேடம். அந்த அறையின் டியூப்லைட்டில் முனீஸின் கண்ணோரம் நீர் கோர்த்து நின்றது, ஆனாலும் இமைக்காமல் சிரித்தார். மறதி? எல்லாம் ஞாபகம் இருக்கு மேடம். டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பிறகு சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இதற்கு நாகஜோதி பாடம் எடுத்திருக்கவில்லை. முனீஸுக்கு இரண்டு சொற்கள்தான் வந்தன. மற்றதற்குச் சிரித்தார். டாக்டர், எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவது என்றதும், அப்படியானால் பரவாயில்லை, இதெல்லாம் படிப்புப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கஷ்டம்தான் என்று ஆறுதலாகச் சொல்லி மேலே போய்விட்டார். நாகஜோதிக்குச் சுருக்கென்றது. ஒரு கப்பல் சரக்கின் அளவுகளை மனசிலேயே வைத்துக்கொண்டு வெட்டிய மனுஷன். அதை அவள் சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு மேல் பேசக்கூடாது என்று பழகிய வாய் மூடியே இருந்தது.

ஸ்கேன் அறைக்கு முன்னால் முனீஸ் தன் அரைஞாணில் கிடந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். மெஷின் பயங்கரமாகச் சத்தம் போடும், பயப்படாதீர்கள், முடியவில்லை என்றால் அமுக்குங்கள் என்று ரப்பர் பந்து ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். முனீஸ் திரும்பி நாகஜோதியைப் பார்த்தார். அமுக்க வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. மெஷின் இடிக்க ஆரம்பித்தது. பாத்திரம் விழுந்தால் தாங்காத மனுஷன். சுவரைத் தாண்டி வந்த சத்தமே அவளுக்குப் பல்லைக் கூசவைத்தது. பாதங்கள் விறைத்து, விரல்கள் மடங்கி, அப்படியே இருந்தன. கடைசிவரை பந்து அமுங்கவில்லை. வெளியே இழுத்தபோது கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று அங்கே நின்ற நர்ஸ் கேட்டார்.

"நல்லா இருக்கேன் மேடம்," என்றார் முனீஸ்.

முடிவு கேட்க மறுபடி போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் திரையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல் நூலாகப் படர்ந்திருந்தது. இவ்வளவு அழகாக ஒன்று தன் புருஷனின் மண்டைக்குள் இருக்கும் என்று நாகஜோதி நினைத்ததே இல்லை.

"இது நரம்பு இழைகளோட படமுங்க. உள்ள தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து இதை வரையறோம். இழை நல்லா இருந்தா அதோட போக்குலயே நகரும். நைஞ்சு போயிருந்தா நாலா பக்கமும் கசியும். சாதா ஸ்கேன்ல இது தெரியாதுங்க. இங்க பாருங்க, முன்பக்கம், அப்பறம் நடுவுல இந்தப் பாலம் மாதிரி இருக்கற இடம். இழை ஒல்லியாகி விட்டுப்போயிருக்குதுங்களா?"

நாகஜோதி பார்த்தாள். துணி வெள்ளையாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாத, பின்னலில் ஊசி பிசகி விழுந்த ஊசிக்கோடு சாயம் ஏறின பிறகு பளிச்சென்று நிற்கும். அந்த மாதிரி எத்தனை பீஸை அவள் கையாலேயே எடுத்துத் தள்ளியிருக்கிறாள். இதில் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அறுந்துதான் கிடந்தது. உள்ளே, அவர் சொன்ன மாதிரியே.

முனீஸ் மெல்ல எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "இது என் தலையா மேடம்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுக்காத கேள்வி அது. ஆமாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் திரும்பி நாகஜோதியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பார்த்தாயா என்ற ஒரு சந்தோஷம் மட்டும் இருந்தது. அதைத் தாங்க முடியாமல் அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் தொடர்ந்தார். இது புது முறை. ஒரு கூட்டமாக நிறையப் பேரை எடுத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிகிறது. ஆனால் தனியாக ஒரு மனுஷரை நிறுத்தி, இந்தப் படத்தை மட்டும் வைத்து இவருக்கு இதுதான் என்று சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. படமும் ஆளுடைய தொந்தரவும் ஒத்துப்போக வேண்டும். தொந்தரவு இருந்திருந்தால் சத்தமில்லாத வேலையாகக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியிருப்பேன், மாதக்கணக்கில் ஓய்வும் பயிற்சியும் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றப் பார்த்திருப்பேன். "ஆனா இவர் ஒண்ணுமே இல்லீங்கறார். சில பேருக்கு மூளையே சுத்து வழி கண்டுபிடிச்சுக்கும். குடுத்து வச்சவருங்க," என்று சிரித்தார். பிறகு முனீஸைக் கேட்டார், "இப்ப ஏதாவது தொந்தரவு இருக்குங்களா?"

முனீஸ் நாகஜோதியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு இப்போது எது சரியான பதில் என்று அவளிடம் கேட்கிற பார்வை. அவள் முகத்தில் ஒன்றும் தயாராக இல்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"இல்ல மேடம். நல்லா இருக்கேன்."

"மேடம்," என்றாள் நாகஜோதி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அவுகளுக்கு தல வலிக்கி மேடம். லைட்டு போட்டா முடியல. எல்லாம் மறந்து போகுது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, உங்க சம்சாரம் வேற மாதிரி சொல்றாங்களே?" என்று முனீஸிடம் கேட்டார்.

முனீஸின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். தேர்வில் படித்ததே வந்துவிட்ட பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ சொல்லுறது எனக்குத் தெரியாது மேடம். எனக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர் நாகஜோதியிடம் திரும்பினார். முன்பே ஏன் சொல்லவில்லை, கம்பெனியிடம் நஷ்டஈடு கிஷ்டஈடு ஏதாவது கேட்டிருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் குரலில் முன்பிருந்த கனிவு குறைந்திருந்தது. நான்தான் இப்படிச் சொல்லச் சொன்னேன் என்ற ஒரு வரி நாகஜோதியின் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் யார் சொல்லச் சொன்னார்கள், எதற்கு என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும், கம்பெனி வரை போகும், மேஜை போகும், அவளுடைய வேலையும் சேர்ந்து போகும். அவள் யோசித்தாள். யோசித்தால் சந்தேகப்படுவார்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். முகம் தானாகச் சிரித்தது.

"அதெல்லாம் இல்ல மேடம். சும்மா, பயத்துல சொல்லிட்டேன். நல்லா இருக்காக."

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, ஏதாவது தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். திரையில் அந்த வண்ண நூல்கள் அப்படியே இருந்தன. வெளியே வரும்போது முனீஸ் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவினாசி தாண்டும்போது மோகன்ராஜ் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டு, "நான் சொன்னனுங்களே," என்றார். "திங்கக்கெழமைக்கு டேபிளுக்கு வந்துறச் சொல்லுங்க. மெஷினு காத்துட்டிருக்குது." நாகஜோதி சரிங்க என்றாள். ஆசைப்பட்டது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. கட்டிங் மெஷினின் கத்தி சும்மா நிற்கும்போதும் கண்ணுக்கு முன்னால் மினுங்கும், ஒரு நொடி மறந்தால் விரலை எடுத்துவிடும் என்பது இதுவரை அவளுக்கு ஞாபகம் வராமல் எங்கே போயிருந்தது?

பூண்டியில் பஸ் நின்றது. சாலையோரப் பட்டறைகளில் வரிசையாக உட்கார்ந்து சிலைக்குக் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். உளிச் சத்தம் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்தது. முனீஸின் இரண்டு கைகளும் காதுக்குப் போயின. உடம்பு சுருண்டது. அப்போது நாகஜோதி தன்னைப் பார்ப்பதைக் கவனித்தார். அவசரமாகக் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. பஸ் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அவள் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளை அழுத்தி மூடினாள். அவர் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, தல வலிக்குதா? என்கிட்ட சொல்லுங்க. நான் ஜோதி கேக்கேன்."

அவள் உதடு அசைவதை முனீஸ் கவனமாகப் பார்த்தார். கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

"இல்ல மேடம்," என்றார்.